சரிபார்த்தவர் கையெழுத்திடாத தாள்

சூசைமாணிக்கம் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் காலை ஒன்பது மணி வாக்கில் வந்தது. அதற்குக் கீழே முதலில் விழுந்த பதில், “யாரு பார்த்தது?” வெல்டிங் பிரிவில் ஒருவர் போட்டிருந்தார். கேலியாகப் போடவில்லை. அந்தக் கேள்வியை எங்கள் எல்லோருக்கும் பழக்கிவிட்டவரே சூசைதான். யார் எந்த அளவைக் கொண்டுவந்து சொன்னாலும், “யாரு அளந்தது? யாரு பார்த்தது?” என்று கேட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்துவார்.

நானும் நம்பவில்லை. அவர் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் எடுத்து, “சொல்லுங்க மேடம்” என்பார், அந்தக் குழுவில் செய்தி போட்டவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம் என்று இருந்தேன். எடுத்தது அவர் மனைவி ஆரோக்கியமேரி. “நெசந்தான் மேடம். காலைல பாலக் கறந்து வச்சுட்டு நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நாந்தான் கூட இருந்தேன். நாந்தான் பார்த்தேன்.” கடைசி இரண்டு வாக்கியங்களை நான் கேட்காமலே சொன்னார். அந்த வீட்டிலும் அந்தக் கேள்வி பழகிப்போயிருக்க வேண்டும்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் கையில் கிடைத்தால் எங்கள் வேலையை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். பெரிய பயணிகள் விமானம் சில வருடங்களுக்கு ஒருமுறை முழுப் பராமரிப்புக்காக ஹேங்கர் என்னும் விமானக் கொட்டகைக்குள் வரும். வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். இறக்கையிலிருந்து வால் நுனி வரை ஆட்கள் சுற்றி நின்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் நிற்பதற்கான இரும்பு, அலுமினிய மேடைகளைத்தான் நாங்கள் வரைந்து செய்து லாரியில் ஏற்றுகிறோம். மேடை விமானத்தைத் தொடக்கூடாது, தொட்டால் அதன் தோல் நசுங்கும். தள்ளியும் நிற்கக்கூடாது, நின்றால் நடுவில் ஆள் விழுவான். அதனால் மேடை விளிம்பில் இழுப்புப் பலகைகள் வைப்போம். விமானத்தின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொள்ளலாம். விமானத்தைப் பார்த்த பக்கம் கைப்பிடிக் கம்பி வைக்க முடியாது, கை எட்ட வேண்டுமே. அந்தப் பக்கத்தில் ஆளின் உயிருக்குப் பொறுப்பு அந்தப் பலகைகள்தான்.

இதெல்லாம் நடப்பது வேடசந்தூர் சாலையில், இரண்டு நூற்பாலைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில். ஷிப்டு முடிந்து சைக்கிளில் போகும் மில்காரர்கள், நாங்கள் விமானமே செய்கிறோம் என்று நினைத்து வாசலில் எட்டிப் பார்ப்பார்கள். உண்மையில் எங்களில் முக்கால்வாசிப் பேர் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நான் வடிவமைப்புப் பிரிவின் தலைவி. சூசை வரைபடங்களைச் சரிபார்ப்பவர். ஐ.டி.ஐ. படித்து வெல்டராக வந்து, தப்புக் கண்டுபிடிக்கிற கண்ணால் அந்த நாற்காலிக்கு ஏறியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் ஒட்டன்சத்திரத்துக்காரி, அவரை “அண்ணா” என்பேன். அவர் ஊர் உலகத்தையெல்லாம் “அப்பு” என்று கூப்பிடுவார், என்னை மட்டும் “மேடம்” என்பார்.

அவர் கையில் எப்போதும் ஒரு பச்சைப் பென்சில் இருக்கும். தாளில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் தானே மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்றால் அதன்மேல் ஒரு பச்சை டிக். தவறென்றால் வட்டம் போட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுதுவார். எங்கள் தாள்களின் கீழ் மூலையில் இரண்டு கட்டங்கள் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர். வட்டம் ஒன்று இருந்தாலும் இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போடமாட்டார். “திருத்திக் கொண்டாங்க, போடுறேன்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

தாள் என்று எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஆசையாகக் காட்டினேன். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து, “மேடம், இதுல ரெண்டு விசேசம் இருக்கு. தமிழ்த் தேதிக்கு ஒரு நாளு, இங்கிலீசுத் தேதிக்கு ஒரு நாளு. நான் எதுக்கு வாரது?” என்றார். கீழே பச்சையில் இரண்டு கட்டங்கள் வரைந்து, முதல் கட்டத்தில் என் பெயரை எழுதி, இரண்டாவதைக் காலியாக விட்டுக் கொடுத்தார். திருத்திய பிரதியைக் கொண்டுபோன பிறகுதான் கையெழுத்து விழுந்தது. அலுவலகமே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அதே பத்திரிகையில் நான் விருந்து நேரத்தை 12.30 முதல் 14.30 வரை என்று போட்டிருந்ததற்கு மட்டும், “சாப்பாட்டுக்கு வாரவகளுக்கு எதுக்கு ரயில்வே டைம்?” என்று கேட்டார். வடிவமைப்புக் குறிப்புகளில் எழுதி எழுதி எனக்கு அந்தப் பழக்கம் ஊறிவிட்டது. எங்கள் கொட்டகையில் மணியை அப்படி எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

அவரை எனக்குப் பிடிக்கும் என்று இப்போது எழுதுவது சுலபம். அப்போது பிடிக்காது. ஒரு தடவை இறக்கைக்கான மேடையை வரைந்து, முதலாளியிடம் பாராட்டும் வாங்கி, தாளை அவர் மேசையில் வைத்தேன். எல்லா எண்ணுக்கும் டிக் போட்டுவிட்டு, “வண்டி நிக்குதா, தூக்கி வச்சிருக்கா?” என்று கேட்டார். விமானத்தை அவர் வண்டி என்றுதான் சொல்வார். எனக்குப் புரியவில்லை. “சக்கரத்துல நிக்கிற ஒசரத்துக்குப் போட்டிருக்கீங்க மேடம். பிரிச்சுப் பாக்கைல சக்கரத்தையும்ல கழட்டுவாக? ஜாக்கி வச்சுத் தூக்கிருப்பாக. அப்ப உங்க மேடைல நிக்கிறவன் றெக்கைய அண்ணாந்துதான் பாக்கணும்.” சுற்றிலும் பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் சொன்னது சரி என்பதுதான் கோபத்தை அதிகமாக்கியது.

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சுவரை நம் பக்கம் நகர்த்துகிறார், இப்படி நாளுக்கு ஒன்று தோன்றும். சூசையும் சந்தேகப் பிராணிதான். ஆனால் அவர் சந்தேகம் ஒருநாளும் ஆள்மேல் போனதில்லை. அதை அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்: “ஆளச் சந்தேகப்பட்டா ஆளு மாறிருவான் மேடம். அளவச் சந்தேகப்படுங்க, அது அங்கனயே நிக்கும்.” எனக்குத்தான் உறைக்கவில்லை.

வால் மேடையை வரைந்த காலத்தில்தான் அது நடந்தது. வாலைச் சுற்றி அடுக்கடுக்காக எழும் பெரிய மேடை, அதுவரை நான் வரைந்ததிலேயே பெரியது. தாள்கள் அவர் மேசையில் ஒன்பது நாட்களாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருந்தது, கையெழுத்து மட்டும் விழவில்லை. கேட்டால், “இருங்க மேடம், ஒண்ணு உறுத்துது” என்றார். அதே வாரத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றின் விளம்பரப் புத்தகம் அலுவலகத்துக்கு வந்தது. அதில் ஒரு மேடையின் மூலை, என் வால் மேடையின் மூலையைப்போலவே இருந்தது. எனக்குப் பகீரென்றது. வாடிக்கையாளரின் தாள் ஒன்றுகூட வாசலைத் தாண்டக்கூடாது என்று எங்களுக்கு ஒப்பந்தம். கழிவுத் தாள் பெட்டியில் கிடந்த வால் மேடைப் பிரதிகளை எண்ணிப் பார்த்தேன். மூன்று பிரதிகள் குறைந்தன. அன்று சாயங்காலம் சூசை ஒரு தாளை நான்காக மடித்துச் சோற்றுப் பைக்குள், டிபன் பாக்ஸுக்குப் பின்னால் சொருகுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். ஆமாம், வேவு பார்த்தேன். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இரண்டு பெண்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் ஒரு சாக்குப் பையை அவர்களிடம் கொடுத்தார். அதிலிருந்து வெள்ளையாக ஏதோ சிந்தியது. மூன்று பேரும் சாணார்பட்டி பஸ்ஸில் ஏறினார்கள். எனக்குப் போதுமானதாக இருந்தது. அன்றிரவே முதலாளிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். இவர் மூன்று தாள்களை வெளியே கொண்டுபோயிருக்கிறார். 17.40 மணிக்கு யாரிடமும் பேசாமல் கிளம்புகிறார். பேருந்து நிலையத்தில் சந்தேகத்துக்குரிய நபர்களைச் சந்திக்கிறார். இவர் நம்பத்தகாதவர். கீழே பெயர் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து முதலாளி அந்தக் கடிதத்தை என்னிடமே நீட்டினார். படிக்கிற மாதிரி நடித்துவிட்டு, “மொட்டைக் கடுதாசியெல்லாம் எதுக்குங்க சார் நம்பறீங்க?” என்றேன். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான். அவர், “நம்பல தெய்வானை. ஆனாப் பார்த்துரணும். ஞாயித்துக்கிழமை போவோம், நீங்களும் வாங்க. எந்தத் தாளுன்னு நீங்கதான அடையாளம் சொல்ல முடியும்?” என்றார்.

சாணார்பட்டி தாண்டி உள்ளே ஒரு மண் பாதை. கடலை பிடுங்கிய சூசையின் காடு, வெறுந்தரையாகக் கிடந்தது. அதில் வெள்ளைக் கோடுகள். தூரத்தில் பார்த்தபோது யாரோ கபடிக்குக் களம் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போகப் போகத்தான் அடையாளம் தெரிந்தது. அது என் வால் மேடையின் மூன்றாவது தளம். படிக்கட்டு, மூலை, இழுப்புப் பலகைகள் எல்லாம் உண்மையான அளவில், சுண்ணாம்புத் தூளால் தரையில் போடப்பட்டிருந்தன. விமானத்தின் வால் இருக்க வேண்டிய இடத்தில் கடலை மூட்டைகளை வரிசையாக அடுக்கியிருந்தார். பேருந்து நிலையத்தில் நான் பார்த்த இரண்டு பெண்களும் அந்தக் காட்டில் கடலை ஆய வந்தவர்கள், கையில் கயிறு பிடித்துக்கொண்டு நின்றார்கள். சூசையும் ஆரோக்கியமேரியும் ஆளுக்கொரு முனையாக ஒரு நீளத் தகரக் கதவைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார்கள்.

எங்களைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை. “வாங்க மொதலாளி, நல்ல நேரத்துல வந்தீக. மேரி, நீ விடு. மேடம், நீங்க வந்து இந்த முனையப் பிடிங்க” என்றார். பிடித்தேன். அவர் முன்னால், நான் பின்னால். படிக்கட்டை நோக்கி மூலை திரும்பும்போது கதவு நீளமாக இருந்ததால் நான் இரண்டு எட்டு பின்வாங்க வேண்டியிருந்தது. “அப்படியே நில்லுங்க. காலப் பாருங்க” என்றார். என் வலது கால் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, மூட்டைகளுக்கும் கோட்டுக்கும் நடுவே இருந்தது. “அங்கன பலகைய இழுத்து விட்டிருந்தாப் பொழச்சீக. இழுக்க மறந்திருந்தா இந்நேரம் முப்பதடி கீழ கெடப்பீக. காயிதத்துல எல்லாம் பொருந்துது மேடம், ஒரு எண்ணும் தப்பில்ல. ஆனா ஆளு வெறுங்கையோட நடக்கமாட்டான்ல? வால்ல இருந்து கழட்டுனதத் தூக்கிக்கிட்டுல்ல நடப்பான்?”

நான் கதவைக் கீழே வைத்தேன். அந்த மேடையில் நிற்கப்போகிற யாரோ ஒருவனின் வீட்டுக்கு என் தாளினால் ஒரு போன் போயிருக்கும். அதைத் தடுத்த மனிதரைத் திருடன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கூடவே காரில் வந்து நிற்கிறேன்.

கோயம்புத்தூர் விளம்பரப் புத்தகத்தை முதலாளி அங்கேயே அவரிடம் காட்டினார். சூசை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இதுல என்ன இருக்கு? வண்டி ஒண்ணு, வளைவு ஒண்ணு. கணக்குப் போட்டா எல்லாருக்கும் ஒரே விடைதான வரும்? ஆனா பாவம், அவகளும் படிக்கட்ட அங்கனதான் வச்சிருக்காக” என்றார்.

திங்கட்கிழமை படிக்கட்டை எதிர்ப்புறம் மாற்றினேன். கையெழுத்து விழுந்தது. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், தாளை வெளியே கொண்டுபோனது தப்புத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எட்டு மாதங்கள், வேலை முடிந்து போகும்போது சூசையின் சோற்றுப் பையை மட்டும் வாசலில் காவலாளி சோதிப்பார். எல்லோரும் பார்க்க டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுவார் சூசை. “நல்லாப் பாரு அப்பு, அடியில ரசம் இருக்கு. சந்தேகப்பட்டா முழுசாச் சந்தேகப்படணும், அரைகுறையாப் படக்கூடாது” என்பார். காவலாளி கூச்சத்தில் நெளிவார். மாடி ஜன்னலில் நின்று நான் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். இறங்கிப் போய் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று முதலாளியிடம் கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. கிழித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதன்பிறகு சூசை எது சொன்னாலும் எனக்கு அதில் இரண்டு அர்த்தம் தெரிந்தது. என் தாளை அவர் மெதுவாகப் பார்த்தால், தெரிந்துவிட்டது. சீக்கிரம் முடித்தால், என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தெரிந்துவிட்டது. மில் வாசல் டீக்கடையில் ஒருநாள், “ஏன் மேடம் எளைச்சுட்டீக? வீட்டுல வெஞ்சனம் வைக்கிறதில்லையா?” என்று கேட்டார். அதற்கும் இரண்டு நாள் யோசித்தேன்.

ஒருமுறை துணிந்து அவர் மேசைக்குப் போனேன். “அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க.”

“அளவு பத்தியா?”

“இல்லீங்ணா.”

“அப்பச் செத்த நேரம் இருங்க. இந்தத் தாள முடிச்சுக்கிறேன்.”

அந்தத் தாளை முடிக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் என் தைரியம் வடிந்துவிட்டது. “ஒண்ணுமில்லீங்க, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று வந்துவிட்டேன். அவர் வேண்டுமென்றேதான் இழுத்தாரோ என்று வீட்டுக்குப் போய் அதற்கும் ஒரு சந்தேகம். அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. வருடங்கள் போயின. அந்த வருடங்களில் அவர் பச்சைப் பென்சில் படாமல் என் தாள் ஒன்றுகூட வெளியே போனதில்லை, எங்கள் மேடைகளிலிருந்து ஒருவரும் விழுந்ததாகத் தகவல் வந்ததில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியமேரி உள்ளே போய் ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். மேலே பச்சைப் பென்சிலில் என் பெயர். பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கடிதம். முதலாளி அதைக் கிழிக்கவில்லை, அப்போதே அவர் கையில் கொடுத்திருக்கிறார்.

அதை அவர் சரிபார்த்திருந்தார். “மூன்று தாள்கள்” என்பதில் வட்டம் போட்டு, பக்கத்தில் “ஐந்து” என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரியாமல் போன இரண்டையும் அவரே சேர்த்திருக்கிறார். யாரிடமும் பேசாமல் கிளம்புவதற்கு ஒரு டிக். “சந்தேகத்துக்குரிய நபர்கள்” என்பதில் வட்டம், மேலே “கடலை ஆயுற ரெண்டு பேர்”. கடைசி வரி, இவர் நம்பத்தகாதவர். அதற்கு டிக்கும் இல்லை, வட்டமும் இல்லை. பக்கத்தில், “யாரு அளந்தது?” கீழே இரண்டு கட்டங்கள். வரைந்தவர் கட்டத்தில் தெய்வானை என்று எழுதியிருந்தார். சரிபார்த்தவர் கட்டம் காலி.

“எப்படீங்க்கா கண்டுபிடிச்சாங்க?” என்று கேட்டேன்.

“பதினேழு நாப்பதுன்னு மணி எழுதுறது இங்கன வேற யாருன்னு அன்னைக்கே சொன்னாரு” என்றார் ஆரோக்கியமேரி.

“கோவப்படலீங்களா?”

“படாம? ரெண்டு நாளு சோறு எறங்கல அவருக்கு. பையத் தொறந்து காட்டிட்டு வந்து மொகங்கொடுத்துப் பேசமாட்டாரு. போயி நேராக் கேட்டுருங்கன்னு நாந்தான் கெடந்து கத்துனேன். ‘அவக திருத்திக் கொண்டாரட்டும், கையெழுத்துப் போடுறேன்’னுட்டாரு. அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல.”

நான் அங்கே உட்கார்ந்து அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தார். அதுவே அதிகம்.

சூசைமாணிக்கத்திடமிருந்து என்னிடம் இருப்பது இந்த ஒரு தாள்தான். அவர் பென்சிலைக் கேட்கலாம் என்று நினைத்தேன், கேட்க வாய் வரவில்லை. தாளை என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். உங்களில் பலர் அந்த எட்டு மாதம் வாசலில் அவர் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறீர்கள், அது யாரால் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் திருத்துகிறேன். ஐந்து தாள்கள். அவருக்காகக் காத்திருந்தவர்கள் கடலை ஆயும் இரண்டு பெண்கள். கடைசி வரியை அடித்துவிட்டேன், அதை யாரும் அளக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியவள் நான்.

திருத்திக் கொண்டுவந்துவிட்டேன், அண்ணா. வரைந்தவர் கட்டத்தில் இந்தத் தடவை என் பெயரை நானே எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறது.